கட்டுச்சோற்றுக் கணிப்பொறி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

வெளியூர்ப் பயணம் புறப்படுகிறவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. வழியில் எவர் வீட்டுத் திண்ணையிலும் உட்காரலாம். அவர்களுடைய அடுப்பைத் தொட வேண்டியதில்லை, பாத்திரத்தைக் கேட்க வேண்டியதில்லை. உண்டு முடித்து இலையைச் சுருட்டி எறிந்துவிட்டு, திண்ணையை இருந்தபடியே விட்டுப் போகலாம். கணிப்பொறியிலும் இப்படி ஒரு கட்டுச்சோறு இருக்கிறது என்பதை நம் மாணவர்களில் பலர் அறியார். அறிந்த சிலரும் அதை நம் ஆய்வகத்தில் அவிழ்க்க இயலாது. இந்த இரண்டாவது நிலையைக் குறித்தே பேராசிரியப் பெருமக்களுக்கும் மாணவத் தோழர்களுக்கும் சில சொல்ல விழைகிறேன்.

கணிப்பொறியின் மின்விசையை அழுத்தியவுடன் முதலில் கண் விழிப்பது விண்டோஸ் அன்று. மதர்போர்டில் பதிந்துள்ள ஒரு சிறு நிரலே முதலில் விழிக்கிறது. "என்னை நடத்திச் செல்லும் இயங்குதளம் எங்கே இருக்கிறது?" என்று அது தேடுகிறது. வழக்கமாக ஹார்டு டிஸ்கில் தேடும். எஃப் 12 போன்ற ஒரு விசையை அவ்வேளையில் தட்டினால், "சிடியில் பார்க்கட்டுமா, பென்டிரைவில் பார்க்கட்டுமா?" என்று நம்மையே கேட்கும். (எந்த விசை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; இதில் ஓர் ஒழுங்கு இல்லாதது நம் தலைவிதி.) பென்டிரைவில் லினக்ஸ் இருந்தால், அதன் கரு நினைவகத்தில் ஏறிக்கொள்கிறது. மற்ற மென்பொருள்கள் யாவும் ஒரே கோப்பாக அழுத்திச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். வேண்டியது வேண்டியபோது மட்டும் விரிக்கப்படும். நாம் எழுதுவதும் மாற்றுவதும் ரேம் என்னும் தற்காலிக நினைவகத்தில்தான். நாமாகச் சென்று திறந்தாலொழிய ஹார்டு டிஸ்க் தீண்டப்படுவதில்லை. மின்சாரத்தை நிறுத்தினால் வந்த சுவடே இல்லை. நம் கோப்புகள் மறுநாளும் வேண்டுமென்றால், அதே பென்டிரைவில் ஒரு பகுதியை அதற்கென ஒதுக்கிக்கொள்ளலாம்.

இது புதுமையான வித்தையும் அன்று. ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991இல் லினக்ஸ் கருவை வெளியிட்டபோது அவருக்கு வயது 21. நம்மைவிட ஓராண்டு மூத்தவர், அவ்வளவுதான். அடுத்த ஆண்டிலேயே இக்ட்ராசில் என்ற பெயரில் குறுந்தகட்டிலிருந்து இயங்கும் லினக்ஸ் வந்துவிட்டது. எனினும் ஊரறியச் செய்தவர் ஜெர்மனியின் கிளாஸ் க்னாப்பர். 2000ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட க்னாப்பிக்ஸ், 700 மெகாபைட் மட்டுமே கொள்ளும் ஒரு சிடியில் ஏறத்தாழ 2 ஜிகாபைட் மென்பொருளைச் சுருட்டி அடக்கியது. பின்னர் 2003இல் ஆஸ்திரேலியாவின் பாரி காலர் பப்பி லினக்ஸைத் தந்தார். அது முழுவதுமாக ரேமில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் நாய்க்குட்டி. இவை எவற்றுக்கும் உரிமக் கட்டணம் இல்லை. படியெடுத்து நண்பனுக்குக் கொடுப்பது குற்றமும் இல்லை. கொடுக்கச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

ஜெர்மனியும் ஆஸ்திரேலியாவும் இருக்கட்டும். நம் நகரத்தில் என்ன நடந்தது? அடையாற்றைத் தாண்டித் தரமணி டைடல் பூங்காவில் இருக்கும் சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனம், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்ற இயங்குதளத்தை உருவாக்கி 2007 ஜனவரியில் வெளியிட்டது. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கமே பாஸ். தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றில் அதைக் கையாளலாம். நிறுவாமலேயே தகட்டிலிருந்து இயக்கியும் பார்க்கலாம். அதே காலத்தில், நந்தனத்தில் அலுவலகம் கொண்டிருந்த எல்காட் நிறுவனத்தின் தலைமையில் இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., தம் அலுவலகக் கணிப்பொறிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றினார். சென்னை லினக்ஸ் பயனர் குழுவினர் கிண்டி ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைகளில் பல ஆண்டுகள் கூடி, வந்தவர்க்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்தனர். பதினோராம் வகுப்புக் கணிப்பொறி அறிவியல் நூலில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே உபுண்டுவும் பாடமாக இருக்கிறது. ஆக, கட்டுச்சோறு நம் ஊரிலேயே சமைக்கப்பட்டது. அதுவும் பொதுமக்கள் பணத்தில். அப்படியிருந்தும் நம் வட்டாரத்து மாணவரிடம் அது வந்து சேரவில்லை என்பதே என் குறை.

வந்து சேரவில்லை என்று ஒரேயடியாகச் சொல்வதும் சரியில்லை. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே வழங்கப்பட்டது. இயக்கும்போது இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும். பெற்றவர்களில் எத்தனை பேர் பாஸைத் தொட்டிருப்பார்கள்? நான் அறிந்த வீடுகளில் ஒருவரும் இல்லை. "இது எதற்கு, இடத்தை அடைக்கிறது" என்று கடைக்காரர் அழித்துவிட்டு, உரிமமில்லாத வேறொரு விண்டோஸைப் போட்டுக் கொடுத்த கதைகளைத்தான் கேட்டிருக்கிறேன். கொடுத்த அரசு, கற்றுக்கொடுக்கவும் சிறிது செலவிட்டிருக்கலாம்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு மடிக்கணினி உண்டு. 2016இல் பிளஸ் டூ முடித்த என் அக்காவுக்குக் கிடைத்தது. அக்கா கல்லூரிக்குப் போகவில்லை, தி. நகரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் அதன் ஹார்டு டிஸ்க் பழுதாயிற்று. பழுது பார்க்கும் கடையில் கேட்ட தொகை அக்காவின் அரை மாதச் சம்பளம். மடிக்கணினி பரணுக்குப் போயிற்று. அதன்மேல் பொங்கல் பானை ஏறிற்று. சென்ற ஆண்டு மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர் கொடுத்த பென்டிரைவைச் செருகி இயக்கினோம். ஹார்டு டிஸ்க் செத்துத்தான் கிடக்கிறது. ஆனால் திரை ஒளிர்ந்தது, விசைப்பலகை வேலை செய்தது, தமிழில் தட்டச்சும் ஆயிற்று. "டிஸ்க் போனால் எல்லாமே போச்சு என்றல்லவா சொன்னார்கள்!" என்றார் அக்கா. இப்போது என் செய்முறைக் குறிப்பேட்டின் வரைபடங்கள் அதில்தான் தயாராகின்றன. பேட்டரி போய்விட்டதால் மின்சாரம் நின்றால் அதுவும் நிற்கும், சேமிக்காதது போய்விடும். அதனாலென்ன? பரணில் கிடந்ததற்கு இது மேலன்றோ?

இத்தகைய மடிக்கணினிகள் மயிலாப்பூரிலும், மந்தைவெளியிலும், அடையாற்றிலும் எத்தனை வீட்டுப் பரண்களில் கிடக்கின்றனவோ! ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு பென்டிரைவ் அவற்றில் பலவற்றைக் கீழே இறக்கிவிடும். 2 ஜிகாபைட் ரேம் மட்டுமே உள்ள இயந்திரத்தில் பிரவுசரில் பத்துப் பக்கங்களைத் திறந்தால் திணறத்தான் செய்யும். அங்கே பப்பி போன்ற இலகுவான ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று பொறுமையாக இருக்க வேண்டும்.

இன்னொரு பயனையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் கணிப்பொறி இல்லாத நாம் உதவித்தொகை விண்ணப்பங்களுக்குப் பிரவுசிங் சென்டர்களைத்தான் நம்புகிறோம். மயிலாப்பூரில் அத்தகைய ஒரு கடையில், யார் யாருடைய ஆதார் நகலோ, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கமோ, சாதிச் சான்றிதழோ திரையில் கோலப்பொடி இறைத்தாற்போல் பரந்து கிடந்ததைக் கண்டேன். அந்த வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர், வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள். அழிக்கக் கற்றுக்கொடுப்பார் யாரும் அவர்களுக்கு இல்லை. தன் பென்டிரைவிலிருந்து தன் லினக்ஸை இயக்கி வேலை செய்கிறவர், அழிக்க மறந்தாலும் அவருடைய சான்றிதழ் அந்தக் கடையின் டிஸ்கில் தங்காது. கடைக்காரர் அனுமதிக்க வேண்டும் என்பது வேறு செய்தி. கேட்டால் ஒருவர் அனுமதித்தார், ஒருவர் முறைத்தார்.

இனி நம் ஆய்வகத்துக்கு வருகிறேன். அங்கே எஃப் 12ஐத் தட்டினால் கடவுச்சொல் கேட்கிறது. பென்டிரைவிலிருந்து இயக்கும் வழி பூட்டப்பட்டிருக்கிறது. காரணம் கேட்டால் பாதுகாப்பு என்கிறார்கள். இந்த அச்சம் பொய்யானதன்று என்பதை நானே சொல்கிறேன். பூட்டு மறைகளிடாத ஹார்டு டிஸ்கை, வெளியிலிருந்து வரும் லினக்ஸ் விண்டோஸின் கடவுச்சொல் இல்லாமலே திறந்து படித்துவிடும். திண்ணையில் உட்கார்ந்தவன் உள்ளே போய்ப் பானையைத் திறப்பது போன்றது அது. ஆதலால் அலுவலகக் கணிப்பொறியும், மதிப்பெண் ஏற்றும் கணிப்பொறியும் பூட்டியே இருக்கட்டும். ஆனால் மாணவர் செய்முறைக்கென்றே உள்ள கணிப்பொறியில் ஒளித்துவைக்க என்ன இருக்கிறது? இருந்தால், அதை அங்கே வைத்திருப்பதல்லவா முதல் ஆபத்து?

அவற்றில் நாம் படிப்பது எதை? போர்லாந்து நிறுவனம் 1987இல் வெளியிட்ட டர்போ சி வழியில் வந்த அந்த நீலத்திரையைத்தான் பல கல்லூரிகளில் மாணவர்கள் இன்றும் பார்க்கிறார்கள். டாஸ் காலத்து மென்பொருளைப் புதிய விண்டோஸில் ஓட்டுவதற்கென்றே இன்னொரு மென்பொருளைப் போட்டு ஓட்டுகிறார்கள். லினக்ஸில் ஜிசிசி என்ற சி தொகுப்பி விலையின்றிக் கிடைக்கிறது. எங்களைப் போன்ற இயற்பியல் மாணவருக்கு ஊசலின் அலைவுநேர வரைபடம் போட நியூப்ளாட், கணக்கிட ஆக்டேவ், பைத்தான் என எல்லாம் ஒரே பென்டிரைவில் அடங்கும். ஆய்வகத்தில் பாதியில் விட்ட கணக்கை வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய மடிக்கணினியில் அதே திரையில் தொடரலாம். இதைவிட வீட்டுப்பாடத்துக்கு உகந்த ஏற்பாடு வேறு என்ன?

"கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த வார்த்தையும் எத்தனை நாளைக்கு?" என்று ஒரு பேராசிரியர் என்னிடம் நகைச்சுவையாகக் கேட்டார். நியாயமான கேள்வி. பென்டிரைவ் ஹார்டு டிஸ்கைவிட மெதுவானது. அடிக்கடி எழுதி அழித்தால் சீக்கிரம் தேய்ந்துபோகும். சில புதிய கணிப்பொறிகளில் செக்யூர் பூட் என்ற காவல் சில லினக்ஸ்களை உள்ளே விடாது. தொலைந்துபோனால் அதிலிருந்த நம் கோப்புகளும் தொலைந்தன. இவற்றையெல்லாம் ஒப்புகிறேன். ஆயினும் கட்டுச்சோறு வீட்டு அடுப்புக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. வீட்டில் அடுப்பே இல்லாதவன் அதுவரை என்ன செய்வான் என்பதே என் கேள்வி.

மேலும் இப்போது ஓர் அவசரமும் சேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்குப் போகலாமென்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், பெரும்பாலும் 2018ஐ ஒட்டியோ அதற்குப் பின்னரோ வந்த பிராசசரும் வேண்டும் என்கிறார்கள். அதற்கு முந்திய கணிப்பொறி நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் தகுதியில்லை. ஓடுகிற வண்டியைச் சாலைக்கு ஆகாது என்று ஒதுக்குவது போலத்தான். பணமுள்ள கல்லூரி புதிதாக வாங்கிக்கொள்ளும். அரசு கலைக் கல்லூரியில் கோப்பு நகர்ந்து, ஒப்பந்தப்புள்ளி கோரி, பொருள் வந்து சேர்வதற்குள் நாங்கள் பட்டமே வாங்கிப் போய்விடுவோம்.

ஆகவே என் வேண்டுகோள் பெரியதன்று. விண்டோஸை நீக்கச் சொல்லவில்லை; ஆய்வகப் பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லவுமில்லை. நூலகத்தில் புத்தகத்துக்கு எண் இட்டுக் கையெழுத்து வாங்கிக் கொடுப்பது போல, துறையே சில பென்டிரைவ்களில் பாஸையோ வேறொரு லினக்ஸையோ ஏற்றி, எண் இட்டுக் கொடுக்கலாம். ஆய்வக உதவியாளருக்கு இது கூடுதல் சுமை ஆகிவிடக் கூடாது. ஏற்றுவதையும், பழுதானால் மறுபடி எழுதுவதையும் மாணவர்களாகிய நாங்களே முறைபோட்டுச் செய்துகொள்வோம். ஒன்றை எழுத அரை மணிக்கு மேல் ஆகாது.

தொடங்குவதற்கு ஆய்வகக் கணிப்பொறிகளைக்கூடத் தொட வேண்டாம். ஒதுக்கப்பட்ட பழைய கணிப்பொறிகள் சில, தரைத்தளத்து மாடிப்படியின் கீழ்த் தார்ப்பாய் போர்த்தி ஏலத்துக்குக் காத்திருக்கின்றன. அவற்றில் இரண்டை மட்டும் ஒரு சனிக்கிழமை பிற்பகல் எங்களிடம் விட்டுப் பாருங்கள். ஒரு மேசையும் மின் இணைப்பும் போதும். பென்டிரைவை நாங்கள் கொண்டுவருகிறோம்.