திகதியும் திசை வழக்கும்

செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த நாடுகளில் வழங்குஞ் சொற்களைத் திசைச்சொல் எனப் பெயரிட்டு, இலக்கணத்துள் இடமளித்தனர் நம் முன்னோர். ஊர்தோறும் வழக்கு வேறுபடுதலைக் குற்றமாகக் கொள்ளாது ஏற்ற பெருமை அவர்களுடையது. அவ்வறிவு இற்றை நாளிற் கைத்தொலைபேசிச் செயலிகளை ஆக்குவோர்க்கும் வேண்டும் என்பதே யாம் ஈண்டு வற்புறுத்த விரும்புவது.

எம்மிடம் கற்ற மாணவர் ஒருவர் மார்ச்சு மாதம் ஏழாந் திகதி பிறந்தவர். வெளிநாட்டுக் கல்விக்கான விண்ணப்பத்தைச் செயலியொன்றில் நிரப்புகையில், பிறந்த நாளை நம் வழக்கப்படி 07/03 எனத் தொடங்கினார். மாதத்தை முன்வைக்கும் அமெரிக்க வழக்கில் அமைந்த அச்செயலியோ, அவரை யூலை மூன்றிற் பிறந்தவராக்கிவிட்டது. பிறப்புச் சான்றிதழோடு அது முரணிற்று. அடையாள அட்டையோடும் முரணிற்று. நம் நாட்டு அட்டையின் இலக்கத்திலேயே பிறந்த ஆண்டும், அவ்வாண்டின் எத்தனையாம் நாள் என்பதும் அடங்கியுள்ளன அன்றோ? திருத்தம் பெறுமுன் சேர்க்கைக் காலம் கழிந்தது. பிழை செய்யாத பிள்ளை ஓராண்டை இழந்தான்.

பன்னிரண்டாந் திகதிக்குப் பின் பிறந்தோர்க்கு இவ்விடர் இல்லை. பதின்மூன்றாம் மாதம் என ஒன்று இன்மையாற் பொறி உடனே மறுத்துவிடும். பன்னிரண்டுக்கு உட்பட்ட திகதிகளிலேதான் மயக்கம். ஆண்டில் அத்தகைய நாள்கள் 144. நாளும் மாதமும் ஒத்த பன்னிரண்டை நீக்கின், 132 நாள்கள் இருபொருள் படுவன. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இவ்விடருக்கு உட்பட்டோரே.

நம் நாட்டிலும் வழக்கு ஒன்றன்று. கடிதத்தில் நாளை முன்னெழுதுகின்றோம். அரசாங்க வர்த்தமானியோ ஆண்டை முன்வைக்கின்றது. அன்றியும், சனவரியைத் 'தை' என்றும் யூலையை 'ஆடி' என்றும் வழங்குவது யாழ்ப்பாணத்தார் மரபு. 'தை 5' என்பது சனவரி 5 ஆகலாம். பஞ்சாங்கப்படி கொள்ளின், தைப்பொங்கலை முதல் நாளாக எண்ணிச் சனவரி 18 அல்லது 19 ஆகலாம். கனடாவிலிருந்து தந்தையின் ஆண்டுத் திவசத்திற்கு வர முயலும் மகனுக்கு இவ்வேறுபாடு சிறிதாகுமா?

உலகெங்கும் ஒரே முறையை விதித்துவிட்டால் என்ன என வினவுவாருளர். பழகிய கை ஆணைக்கு அடங்காது. ஆயின், சேமித்தல் வேறு, காட்டுதல் வேறு. சேமிப்பதற்கு ஆண்டு, மாதம், நாள் எனும் ஒழுங்கை 1988 ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 8601 எனும் சர்வதேச நியமம் வகுத்துள்ளது. காட்டுவதற்கு அவ்வந் நாட்டு வழக்குகளை யூனிகோட் அமைப்புத் தொகுத்து வைத்துள்ளது. அத்தொகுப்பில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், மலேசியத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ் எனத் தனித்தனிப் பிரிவுகள் உள. எழுத்தில் ஒரு செந்தமிழும் பேச்சில் ஊர் வழக்குமாக நாம் வாழ்வதும் இம்முறையிலன்றோ? அத்தொகுப்பை நாடாது, தாம் பழகிய வடிவத்தையே பிறர்மேற் சுமத்தும் செயலியாளரின் சோம்பலே இவ்விடர்க்கு மூலம்.

எனினும் குறை முழுவதும் பிறருடையதன்று. பல செயலிகளில் தமிழைத் தெரிந்தெடுத்தால் 'ஆகஸ்ட்', 'அக்டோபர்' என்றே காண்கின்றோம். நாம் எழுதுவது 'ஓகஸ்ட்', 'ஒக்டோபர்'. தமிழகத்தார் தம் வழக்கை முயன்று பதிவித்தனர், நாம் வாளாவிருந்தோம். தன்னார்வலரும் தரவு அளிக்க அத்தொகுப்பில் வழியுண்டு.

கணினித் துறையிற் சிறந்து விளங்கும் பழைய மாணவரே, நும் கல்லூரித் தமிழ் அங்கே பயன்படுக. மாணவச் செல்வங்களே, திகதி எழுதுங்கால் மாதத்தை எண்ணாலன்றி எழுத்தாலே எழுதப் பழகுமின். '7 மார்ச்சு' என எழுதியதை எந்நாட்டாரும் பிறழ உணரார். ஒரு சொல்லை எழுதும் சிறு முயற்சி, ஒரு பிள்ளையின் ஓராண்டைக் காக்குமெனின், அதனினும் எளிய அறம் யாதுளது?