தியேட்டர் வாசலில் கேட்கக் கூடாத கேள்விகள்

விருதுநகர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

நாரணாபுரத்திலிருந்து எழுதுகிறேன். அரசு மருத்துவமனைகளில் ஆபரேஷன் தியேட்டர் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பட்டாசு ஆலையில் விபத்து நடந்தால் உங்கள் மேசைக்கு என்னென்ன கோரிக்கை வரும் என்பது ஊருக்கே தெரியும்: நிவாரணம், உரிமம் ரத்து, விசாரணைக் குழு. அவை வரட்டும். நான் கேட்பது இதுவரை யாரும் கேட்டுப் பார்த்திராத ஒன்று. ஆபரேஷனுக்கு வரும் எங்கள் பட்டாசுத் தொழிலாளர்களுக்கு மயக்கம் கொடுக்கப்போகும் டாக்டர், அவர்களை முன்கூட்டியே ஒருமுறை பார்க்க வேண்டும்.

இந்தப் பக்கம் குடலிறக்கம், கர்ப்பப்பை ஆபரேஷன் எல்லாம் "தீபாவளி கழியட்டும்" என்றே தள்ளிப்போகும். பீஸ் ரேட்டுக்கு வேலை செய்யும் பெண்ணுக்கு லீவு என்றால் கூலி இல்லை. கம்பெனி அடைத்திருக்கும் சில வாரங்களுக்குள் எல்லாரும் படுக்கைக்கு வந்துவிடுவார்கள். முதல் நாள் சாயங்காலம் அட்மிஷன், மறுநாள் காலை தியேட்டர் வாசல். ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும்போதுதான் மயக்க டாக்டர் முதன்முதலாக முகத்தைப் பார்க்கிறார்.

"என்னம்மா மாத்திரை சாப்பிடுறீங்க?"

"சுகருக்கு ஒண்ணு சார்."

"பேரு?"

"தெரியல சார். சீட்டு வீட்ல இருக்கு."

"பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

"வெறும் வயிறா வரச் சொன்னாங்களே, அதான் போடல."

பிரஷர் 190/110 காட்டும். ஆபரேஷன் ரத்து. அந்த அம்மாவுக்கு அடுத்த வாய்ப்பு அடுத்த தீபாவளிக்குப் பிறகுதான். மயக்கத்துக்கு முன் நிறுத்த வேண்டிய பிரஷர் மாத்திரை உண்டு, ஒரு மடக்குத் தண்ணீரோடு கட்டாயம் போட வேண்டியதும் உண்டு. எது எதுவென்று யாரும் சொல்லாதபோது, சொன்ன ஒரே வார்த்தையை அவர் பிடித்துக்கொண்டதில் என்ன தப்பு?

சுகர் மாத்திரை இன்னும் வில்லங்கம். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் இப்போது மலிவாகிப் பலரும் சாப்பிடுகிறார்கள். அவற்றை ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் பட்டினி வயிற்றில் ரத்தத்தில் அமிலம் ஏறும். சுகர் அளவு பெரிதாக உயராமலே இது நடக்கும் என்பதால் குளுக்கோமீட்டரை நம்பி ஏமாறலாம். மூன்று நாள் முன்பு கேட்க வேண்டிய கேள்வியைத் தியேட்டர் வாசலில் கேட்டு என்ன பயன்? வீசிங், ரத்தசோகை, குறட்டை, ஆடும் பல், முன்பு முதுகில் ஊசி போட்டபோது நடந்தது என்று இந்த வரிசை நீளும்.

இனி தீக்காயத்துக்கு வருகிறேன். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தையும் 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம் ஆலை வெடிவிபத்தையும் நினைவில் வைத்திருக்கும் மாவட்டம் இது. வெடித்த அறையிலிருந்து வருகிறவருக்கு வெளிக்காயம் கொஞ்சமாக இருக்கலாம். ஆனால் குரல் கரகரக்கும், சளியில் கரி இருக்கும், மூக்கு முடி கருகியிருக்கும். சூடான புகை தொண்டைக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஆள் அப்போது பேசுவார், தண்ணீர் கேட்பார். சில மணி நேரத்தில் தொண்டை வீங்கி அடைத்துக்கொள்ளும். அதன்பின் மூச்சுக்குழாய்க்குள் டியூப் இறக்குவது பெரும்பாடு. சிவகாசியிலிருந்து மதுரை ராஜாஜி மருத்துவமனைக்குப் போகும் வழியில் அது நடந்தால் ஆம்புலன்ஸில் இருப்பவர் என்ன செய்ய முடியும்? டியூபைப் போட்டுவிட்டு அனுப்புவதா, அப்படியே அனுப்புவதா என்பதைப் புறப்படும் முன்பே ஒரு மயக்க டாக்டர் தீர்மானிக்க வேண்டும். 2022 ஜனவரியில் விருதுநகரில் மருத்துவக் கல்லூரி திறந்ததால் தூரம் குறைந்தது. வீங்கும் தொண்டைக்கு அந்தத் தூரமும் அதிகம்தான்.

பிழைத்து வீடு திரும்பியவர்களுக்கு வேறொரு ஆபத்து உண்டு. டியூப் போடுவதற்காகத் தசையைத் தளர்த்தும் ஸ்கோலின் என்ற ஊசி எல்லாத் தியேட்டரிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். தீக்காயம் பட்டு ஓரிரு நாள் கழிந்தவருக்கு அதைப் போட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் எகிறி இதயம் நின்றுவிடக்கூடும். புண் ஆறிய பிறகும் மாதக்கணக்கில், பெரிய காயமென்றால் ஓர் ஆண்டு வரைகூட இந்த ஆபத்து விலகாது. நாலு மாதம் முன்பு உடம்பில் பாதி வெந்த ஒரு பெண் வயிற்று வலியோடு ராத்திரியில் வேறொரு மருத்துவமனைக்குப் போகிறாள் என்று வையுங்கள். "எப்பப் பட்டது இந்தத் தழும்பு?" என்று கேட்க யாருக்காவது தோன்ற வேண்டும். கழுத்துத் தோல் சுருங்கி மோவாய் நெஞ்சோடு ஒட்டினாற்போல் இருப்பவர்கள் கதை தனி. தலையைப் பின்னுக்குச் சாய்க்கவும் முடியாது, வாய் திறக்கவும் இடமிருக்காது. அவர்களுக்கு விழித்திருக்கும்போதே கேமரா வைத்த மெல்லிய குழாய் வழியாக டியூப் போடுவார்கள். அந்தக் கருவியும் கைப்பழக்கமும் எங்கே இருக்கின்றன என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் அங்கே அனுப்ப முடியும்.

இவ்வளவு விவரத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். எல்லாம் இருக்கிறது, சிதறிக் கிடக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக யாருக்கு சுகர், யாருக்கு பிரஷர் என்ற பட்டியல் உங்கள் களப்பணியாளர்களிடம் இருக்கிறது. ஆலைகளில் மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு இருக்கிறது. அதில் எத்தனை பக்கம் நிஜமாகப் பார்த்து எழுதியது என்பது வேறு விஷயம். தீக்காயத்துக்குச் சிகிச்சை பெற்றவருக்கு டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கிறது, மடித்து அரிசிப் பானைக்கு அடியில். இந்த மூன்றில் ஒன்றுகூட மயக்க டாக்டர் கைக்கு வருவதில்லை.

மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் தலைவர் நீங்கள். சிவகாசி அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு முற்பகல், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, மயக்கவியல் முன்பரிசோதனைக்கு என்று ஒதுக்கச் சொல்லுங்கள். எங்கள் ஆட்களுக்குக் கூலி போகாத நாள் அது ஒன்றுதான். ஆபரேஷன் தேதிக்கு ஒரு வாரம் முன்பே வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். மயக்க டாக்டர்கள் பற்றாக்குறை என்பது எனக்குத் தெரியாததல்ல. சிசேரியனுக்கும் விபத்துக்குமாக ஒருவரே ஓடிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்தவள். விசாரித்து எழுதும் வேலையைப் பயிற்சி பெற்ற செவிலியர் முடித்து வைத்தால், டாக்டர் நோயாளியின் வாயைத் திறந்து பார்த்து, நெஞ்சில் ஸ்டெத் வைத்து, முடிவு சொன்னால் போதும். ரத்தாகும் ஆபரேஷன்களால் வீணாகும் தியேட்டர் நேரத்தைக் கணக்குப் பார்த்தால் இதற்கு ஆகும் நேரம் பெரிதல்ல.

கூடவே தொழிலாளிக்கு இந்த விவரங்கள் எழுதிய ஓர் அட்டை. மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ.) லைசென்ஸ் ஆலையானாலும் நாக்பூர் வெடிபொருள் அலுவலக லைசென்ஸ் ஆலையானாலும், அதன் ஒரு பிரதி வாசல் அலுவலகத்தில் இருக்க வேண்டும். வெடிமருந்து அறைப் பக்கம் வைத்தால் ஆளோடு அதுவும் எரிந்துபோகும். 108 வரும்போது ஆளோடு அட்டையும் ஏற வேண்டும். தீக்காயம் பட்ட தேதி அதில் சிவப்பு மையில் இருக்கட்டும்.

அட்டையில் இருக்க வேண்டிய கேள்விகளை ஒரே தாளில் அடங்கும்படி எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவோடு இணைத்துக் கொடுக்கிறேன். நலப்பணிகள் இணை இயக்குநரையும் அன்று உடனிருக்கச் சொன்னால் அங்கேயே பேசி முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தியேட்டர் செவிலியர்,
நாரணாபுரம்