கதை சொல்லுங்கள், கணக்கையும் சொல்லுங்கள்

இப்போது எந்தத் தொழிலுக்குப் பயிற்சி கொடுத்தாலும் 'ஸ்டோரி டெல்லிங்' என்று ஒரு பாடம் வைத்துவிடுகிறார்கள். வங்கியில் சேர்ந்த பையனுக்கும் அது உண்டு, மென்பொருள் கம்பெனியில் இருக்கும் பெண்ணுக்கும் உண்டு. எண்களைச் சொன்னால் வாடிக்கையாளர் கொட்டாவி விடுவார், கதை சொன்னால் பையில் இருந்து காசை எடுப்பார் என்பது பாடத்தின் சாரம். முப்பத்தைந்து வருடம் கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். இந்தப் பாடத்தில் பாதிதான் உண்மை, மீதிப் பாதி ஊரை ஏமாற்றும் வித்தை என்பது என் கட்சி.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அந்த மொழியில் கதைக்கும் கணக்கிற்கும் ஒரே ஒலி. இரண்டும் 'கோன்த்'. எழுதும்போதுதான் எழுத்து மாறும். எண்ணுதல் என்ற ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்த சொற்கள் அவை. நடந்ததை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னால் கதை, காசை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னால் கணக்கு. அதே பிரெஞ்சில் ஒருவன் 'கதைகள் சொல்கிறான்' என்றால் புளுகுகிறான் என்றும் அர்த்தம் உண்டு. நாமும் 'கதை விடாதே' என்கிறோம். இரண்டு மொழிக்காரர்களும் பட்டுத்தான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

பள்ளியில் லா ஃபோந்தேன் நீதிக்கதைகளை மனப்பாடம் செய்யாமல் தப்ப முடியாது. 'கதைகளின் வல்லமை' என்றே அவர் ஒன்று எழுதியிருக்கிறார், 1678இல் வந்த தொகுதியில். ஏதென்ஸ் நகருக்கு மன்னன் பிலிப்பால் ஆபத்து. ஒரு பேச்சாளர் தொண்டை கிழியக் கத்துகிறார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உடனே அவர், தானிய தேவதை சீரிஸ், ஒரு விலாங்கு மீனோடும் ஒரு தகைவிலான் குருவியோடும் பயணம் போன கதையை ஆரம்பிக்கிறார். ஆறு குறுக்கிட்டது, மீன் நீந்திவிட்டது, குருவி பறந்துவிட்டது. நிறுத்திவிட்டார். தேவதை என்ன செய்தாள் என்று கூட்டம் கூச்சல் போடுகிறது. பிலிப் என்ன செய்கிறான் என்று ஏன் கேட்கவில்லை என்று அவர் சாடுகிறார். கூட்டம் விழித்துக்கொள்கிறது.

கவனியுங்கள். கதையால் காதைத் திறந்தார், திறந்ததும் கதையைப் போட்டுவிட்டு விஷயத்திற்கு வந்தார். இன்றைய பயிற்சியாளர்கள் முதல் பாதியை மட்டும் கற்றுக்கொடுக்கிறார்கள். காது திறந்திருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிட வேண்டுமாம்.

என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், ஐந்து லட்ச ரூபாய் வைப்புத்தொகையைப் புதுப்பிக்க வங்கிக்குப் போனார். எதிரே உட்கார்ந்த இளைஞன், ஒரு தாத்தா சேர்த்து வைத்த பணத்தில் பேத்தி டாக்டருக்குப் படித்த கதையைச் சொன்னான். நண்பருக்கும் பேத்தி உண்டு, கண் கலங்கிவிட்டது. வெளியே வரும்போது கையில் இருந்தது வைப்புத்தொகை ரசீது அல்ல, காப்பீட்டுப் பத்திரம். ஆண்டுக்கு ஐந்து லட்சமாக ஐந்து ஆண்டுகள் கட்ட வேண்டும் என்பது இரண்டாம் வருடத் தவணைக்குக் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. அந்தத் தாத்தா எத்தனை தவணை கட்டினார், நடுவில் நிறுத்தியிருந்தால் எவ்வளவு திரும்பி வந்திருக்கும் என்பதெல்லாம் கதையில் வரவே இல்லை.

உலக அளவில் பார்க்க வேண்டுமா? அமெரிக்காவில் எலிசபெத் ஹோம்ஸ் 2003இல் தெரனோஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். விரல் நுனியில் எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் ஏராளமான பரிசோதனைகள் செய்யலாம் என்றார். புற்றுநோயில் இறந்த தன் உறவினர் ஒருவரைப் பற்றி மேடையில் உருக்கமாகப் பேசுவார். கம்பெனியின் மதிப்பு 900 கோடி டாலர் வரை ஏறியது. இயந்திரம் சொன்னபடி வேலை செய்யவில்லை என்பது 2015இல் பத்திரிகை மூலம் வெளிவந்தது. 2022இல் முதலீட்டாளர்களை மோசம் செய்ததாகத் தீர்ப்பாகி, பதினோரு வருடத்திற்கும் மேல் சிறைத்தண்டனை. பெரிய பெரிய மனிதர்கள் கதையைக் கேட்டார்கள், பரிசோதனைக் கணக்கைக் கேட்கவில்லை.

அப்படியானால் வெறும் எண்களை அடுக்கினால் போதும் என்கிறேனா? இல்லை. அது இன்னொரு வியாதி. எங்கள் அலுவலகத்தில் கடித எண்ணும் தேதியும் மட்டுமே நிரம்பிய கோப்புகள் மேசை மேசையாகச் சுற்றும். அதிகாரிக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. 'பேசவும்' என்று எழுதித் திருப்பிவிடுவார். கணவனை இழந்த பெண்ணின் குடும்ப ஓய்வூதியம் அங்கேயே நிற்கும். அதே கோப்பில், ஊழியர் இறந்தது இந்தத் தேதி, மனைவி மனு கொடுத்தது இந்தத் தேதி, சர்வீஸ் புக்கில் அவர் பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பதுதான் தடை, அதை நீக்க இன்ன சான்று இருக்கிறது, மாதம் இவ்வளவு தரலாம், உத்தரவு வேண்டும் என்று வரிசையாக எழுதினால் அன்றைக்கே கையெழுத்தாகும். அதுவும் கதைதான். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் கோப்பில் ஒரு தாள் சாட்சி இருக்கும்.

இதைப் பெரிய வியாபாரிகள் அறியாமல் இல்லை. அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004இல் மேலாளர் கூட்டங்களில் பவர்பாயிண்டை நிறுத்திவிட்டு, முழு வாக்கியங்களில் ஆறு பக்கக் குறிப்பு எழுதி வரச் சொன்னார். எல்லோரும் முதலில் மௌனமாக அதைப் படித்த பிறகே பேச்சு. துண்டு துண்டான வரிகளில் ஓட்டையை மறைக்கலாம். வாக்கியமாக எழுதினால் ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படி வந்தது என்று சொல்லியே ஆகவேண்டும்.

பயிற்சியாளர்களுக்குச் சொல்கிறேன்: கதையைக் கற்றுக்கொடுங்கள், கூடவே அதற்குச் சாட்சி வைக்கவும் கற்றுக்கொடுங்கள். என்னைப் போன்ற ஓய்வூதியர்களுக்கும் ஒரு வார்த்தை. காப்பீட்டுப் பத்திரம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கலாம், சிறு பிடித்தம் போகப் பணம் வரும். அதற்கும் முன்னால், எதிரே இருப்பவர் கதையை முடித்ததும், "நல்லா இருந்துச்சு தம்பி. எத்தனை வருஷம் கட்டணும், பாதியில நிறுத்தினா எவ்வளவு வரும், இதுல உங்களுக்கு எவ்வளவு? ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்று கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.