விடிந்தால்தான் மறுநாள்



பிறர் செய்த பிழையைப் பற்றி எழுதுவது எளிது. தன் பிழையைத் தானே எடுத்துரைப்பது அத்துணை எளிதன்று. ஆயினும் இத்திங்கள் என் பிழை ஒன்றையே எழுதத் துணிந்தேன். இதனைப் படித்து நம்மவர் குடும்பம் ஒன்றேனும் ஓர் இரவுத் துன்பத்திலிருந்து தப்புமாயின், எனக்கு நேர்ந்த வெட்கம் வீண் போகவில்லை என்று ஆறுதல் கொள்வேன்.

நான் ஆனைக்கரையில் பிறந்து வளர்ந்தவன். 1924 ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மூணாற்றுச் சிறு இரயில் பாதையை அடித்துச் சென்ற பின்னர், இடுக்கி மலைகளில் இரயிலின் கூவல் கேட்டதில்லை. அத்தகைய மண்ணில் பிறந்தவன் பத்தாம் வகுப்புத் தேறி இரயில்வே குமாஸ்தா ஆனபோது, ஊரார் என்னை ஒரு நடமாடும் கால அட்டவணையாகவே கருதலாயினர். என் தம்பியோ பெங்களூரில் மென்பொருள் எழுதும் பணியில் இருக்கிறான். "மூத்தவன் மனிதருக்குச் சீட்டு எழுதுகிறான், இளையவன் பொறிக்கு அறிவு எழுதுகிறான்" என்பது எங்கள் அன்னையாரின் பெருமை. அவ்விருவர் அறிவும் சேர்ந்தும் பெற்றோரை ஓரிரவு நிற்க வைத்ததே நான் சொல்லவந்த கதை.

சென்ற ஆண்டு தம்பியின் மகளுக்குக் காதணி விழா. ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நல்ல நேரம் குறித்திருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் சனிக்கிழமை மதியம் ஆனைக்கரையில் பேருந்து ஏறி, குமுளி, கம்பம், தேனி வழியாக மதுரை வந்து, அங்கிருந்து இரவு இரயிலில் பெங்களூர் செல்வது என ஏற்பாடு. அந்த வண்டி நள்ளிரவு கடந்து சில நிமிடங்களில் மதுரையை விட்டுப் புறப்படுவது. நான் என் கைத்தொலைபேசியிலேயே இரண்டு படுக்கைகளைப் பதிவு செய்தேன். "சனிக்கிழமை இராத்திரி வண்டி" என்று அப்பாவிடம் சொன்னேன். சனிக்கிழமைத் தேதியையே பொறியிலும் அழுத்தினேன்.

நேயர்கள் பிழையை இதற்குள் கண்டுகொண்டிருப்பீர்கள். சனிக்கிழமைத் தேதியிட்டு நள்ளிரவு கடந்து புறப்படும் வண்டி, நம் வழக்கில் வெள்ளிக்கிழமை இரவு வண்டியாகும். அவ்விருவரும் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு நிலையத்தை அடைந்தபோது, அவர்களுக்குரிய படுக்கைகள் ஏறத்தாழ ஒரு முழு நாளுக்கு முன்னரே வெறுமையாகப் பெங்களூர் நோக்கிப் போய்விட்டிருந்தன.

சீட்டுப் பரிசோதகர் பரிவோடு விளக்கிச் சொன்னாராம். அப்பா எனக்குத் தொலைபேசியில் பேசவுமில்லை. பேசாமல் முன்பதிவில்லாச் சீட்டு இரண்டு வாங்கிக்கொண்டு நெரிசலான பெட்டியில் ஏறிவிட்டார். ஊர் விட்டு ஊர் வந்து கட்டட வேலை செய்யும் வடநாட்டு இளைஞன் ஒருவன் எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தானாம். எழுபது வயதை எட்டும் அப்பா, பேத்திக்கென்று கொண்டுவந்த ஏலக்காய்ப் பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி, கதவருகே விடியும்வரை நின்றே வந்திருக்கிறார்.

விழா வீட்டில் இதைக் கேட்டுத் தலைகுனிந்து நின்றேன். அப்பா கடிந்துகொள்ளவில்லை. "இரயிலிலே வேலை பார்க்கிற பிள்ளை தேதி தப்பாகவா போடும் என்று இருந்துவிட்டேன். நானும் பார்த்திருக்கணும்" என்றார். கடிந்துகொண்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அன்றிரவு மொட்டைமாடியில் தம்பியும் நானும் பேசிக்கொண்டிருந்தோம். "அண்ணே, பொறி பிழை செய்யவில்லை. நீங்கள் கேட்ட நாளைத்தான் அது கொடுத்தது" என்றான். "அப்பாவும் பிழை செய்யவில்லையே. சனி இரவு என்றேன், சனி இரவு வந்தார்" என்றேன். இருவரும் சரி எனில் இடையில் எங்கே நழுவிற்று? அதைத் தேடியபோது, 'நாள் எப்போது பிறக்கிறது' என்னும் பழங்கேள்வியில் போய் நின்றோம்.

நம் பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் பிறக்கிறது. ஓர் உதயம் தொட்டு மறு உதயம் வரை அறுபது நாழிகை. ஒரு நாழிகைக்கு இருபத்து நான்கு நிமிடம். வானநூலார் நெடுங்காலம் நண்பகலில் நாளைத் தொடங்கினர். இரவு முழுதும் விண்மீன்களை நோக்குவோருக்கு நள்ளிரவில் தேதி மாறுவது இடையூறு. 1925 ஆம் ஆண்டில்தான் அவர்களும் நள்ளிரவுக் கணக்குக்கு மாறினர். உலகப் பொது நாள் கிரீன்விச் நள்ளிரவில் தொடங்கும் என்னும் தீர்மானம் 1884 இல் வாஷிங்டன் மாநாட்டில் நிறைவேறியது. ஆகவே நள்ளிரவில் நாள் பிறப்பது இயற்கை விதியன்று; மனிதர் கூடிச் செய்துகொண்ட உடன்பாடு.

அவ்வாறு நேரத்தை ஒன்றுபடுத்த வேண்டிய தேவையை வளர்த்ததில் இரயிலுக்குப் பெரும் பங்கு உண்டு. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகிறது. ஊருக்கு ஊர் தன் சூரியனைப் பார்த்துக் கடிகாரம் வைத்தால் வண்டிகள் ஒழுங்காக ஓடுவது எங்ஙனம்? சென்னை வானாய்வகத்தின் நேரமே முன்னர் நம் நாட்டு இரயில்களுக்கு வழிகாட்டிற்று. 1906 சனவரி முதல் நாள் தொட்டு, கிழக்கு 82½ பாகைக் கோட்டின் நேரம் இந்தியப் பொது நேரமாயிற்று. அது கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்தியது. ஆனைக்கரை ஏறத்தாழ 77 பாகையில் இருப்பதால், நம் தலைக்கு நேரே சூரியன் வருவது அக்கோட்டுக்கு இருபது நிமிடத்திற்கும் பின்னர்தான். நாம் அன்றாடம் பார்க்கும் கடிகாரம் நம் வானத்தினுடையதன்று.

"கணிப்பொறிகளுக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு அண்ணே" என்றான் தம்பி. மிகப் பல கணிப்பொறிகள் 1970 சனவரி முதல் நாள் கிரீன்விச் நள்ளிரவு தொட்டு, கடந்த நொடிகளையே எண்ணிக்கொண்டிருக்கின்றனவாம். அந்த எண்ணிலிருந்துதான் நமக்குத் தேதியும் மணியும் பிரித்துக் காட்டுகின்றன. அவற்றுள் சில பழைய அமைப்புகளில் அவ்வெண்ணை வைக்கும் இடம் சிறியது. 2038 சனவரி 19 இல் அது நிரம்பிவிடும். அதற்குள் அவற்றைத் திருத்தியாக வேண்டும். முன்னர் ஆண்டை இரண்டே இலக்கங்களில் எழுதி இடம் மிச்சம் பிடித்ததால், 2000 ஆம் ஆண்டு பிறக்குமுன் உலகெங்கும் திருத்த வேலை நடந்ததும், அதனால் நம் நாட்டு இளைஞர் பலருக்குப் பணி கிடைத்ததும் நேயர்கள் அறிந்ததே. பொறி தவறாமல் எண்ணும். எதை எண்ணுவது, எங்கிருந்து எண்ணுவது என்பதை மட்டும் மனிதனே சொல்ல வேண்டும்.

இவ்வளவும் பேசி நாங்கள் இறங்கி வந்தபோது அப்பா விழித்திருந்தார். நடந்ததை விளக்கினேன். அவர் சிரித்தார். "ஏலக்காய் ஸ்டோரில் இரவெல்லாம் அடுப்புக்குத் தீ போட்டுக் காத்திருக்கிறேன். பன்னிரண்டு மணிக்கு மேலே வேறு நாள் என்று யாரும் கூலியைப் பிரித்துத் தரவில்லை. தூங்காதவனுக்கு இராத்திரி ஒன்றுதான். விடிந்தால்தான் மறுநாள்" என்றார்.

அந்தச் சொல் என் நெஞ்சில் தைத்தது. அப்பா உழைத்த இரவுகளே எங்களைப் படிக்க வைத்தன. அவருடைய நாட்கணக்கு எனக்குத் தெரியாததன்று. தெரிந்திருந்தும், பொறியின் மொழியைக் கற்ற நான் அதை வீட்டு மொழிக்கு மாற்றிச் சொல்லத் தவறினேன். புதுடில்லியில் 1985 இல் கணிப்பொறி முன்பதிவு தொடங்கிற்று. 2002 முதல் வீட்டிலிருந்தே சீட்டு எடுக்கலாயிற்று. முன்பு சாளரத்தருகே நின்று, "எந்தத் தேதி ஐயா?" என்று கேட்க ஒரு குமாஸ்தா இருந்தான். இன்று குடும்பத்தில் கைத்தொலைபேசி பழகிய பிள்ளையே அந்தக் குமாஸ்தா. சாளரம் வீட்டுக்குள் வந்துவிட்டது. அதன் பொறுப்பும் உடன் வந்துவிட்டது. முதியோர் சீட்டைப் பார்ப்பதில்லை. நம் முகத்தைப் பார்த்துப் பயணம் போகிறார்கள்.

இப்போது அலுவலகத்தில் நள்ளிரவு வண்டிக்குச் சீட்டுக் கேட்டு வருவோரிடம் நான் தேதியை மட்டும் கேட்பதில்லை. "எந்தக் கிழமை இரவுச் சாப்பாடு முடித்துப் புறப்படுவீர்கள்?" என்று கேட்கிறேன். சனிக்கிழமை என்றால் ஞாயிற்றுக்கிழமைத் தேதி இடுகிறேன். ஒரு துண்டுத் தாளில், "சனி இரவு நிலையத்துக்கு வரவும், வண்டி ஞாயிறு தொடங்கியதும் புறப்படும்" என்று எழுதியும் தருகிறேன். நேயர்களும் பெற்றோருக்குச் சீட்டு எடுக்கையில் இவ்வாறே செய்க. பயணத்துக்கு முந்திய நாள் ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுக.

தம்பியும் ஒன்று சொன்னான்: தேதி கேட்கும் கட்டத்தை எழுதும்போதெல்லாம், ஏலக்காய்ப் பொட்டலத்தோடு கதவருகே நிற்கும் ஒருவரை இனி நினைத்துக்கொள்வானாம்.

இவ்வாண்டு பொங்கலுக்கு அப்பாவும் அம்மாவும் மீண்டும் அதே வண்டியில் தம்பி வீட்டுக்குச் சென்றார்கள். சீட்டை நான்தான் எடுத்தேன். அப்பா அதை வாங்கி, கண்ணாடி அணிந்து, தேதியை இருமுறை பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு வருத்தம் தோன்றவில்லை. அவ்வாறு பார்ப்பதே நல்லது.