பாட்டுக் கேட்கப் போனவர்கள்

மனதுக்குப் பிடித்த பாட்டை வீட்டில் இருந்து கேட்பது இன்பம். அதையே, பாடுகிறவர்களின் எதிரில் நின்று, நாலு நண்பர்களோடு சேர்ந்து கேட்பது பேரின்பம்!

அந்த இன்பத்தைத் தேடித்தான் அமெரிக்காவில் சின்சினாட்டி நகர இளைஞர்கள் 1979-ம் ஆண்டு டிசம்பர் 3-ந்தேதி புறப்பட்டார்கள். இங்கிலாந்து நாட்டின் புகழ் பெற்ற ராக் இசைக்குழு "தி ஹூ" அன்று இரவு அந்த ஊர் அரங்கில் பாட இருந்தது. டிக்கெட் வாங்கியவர்கள் 18 ஆயிரம் பேருக்கு மேல்.

அவர்களில் 11 பேர் வீடு திரும்பவில்லை.

சண்டை நடந்ததா? இல்லை. தீப்பிடித்ததா? அதுவும் இல்லை. பிறகு எப்படி மாண்டார்கள்?

பெரும்பாலான டிக்கெட்டுகளில் இருக்கை எண் கிடையாது. முந்துகிறவருக்கு முன் இடம்! ஆகவே பிற்பகலிலேயே கூட்டம் கூடிவிட்டது. நல்ல குளிர். கதவுகளோ மூடிக் கிடந்தன. உள்ளே இருந்து வாத்திய ஓசை கேட்டது. கச்சேரி தொடங்கிவிட்டது என்று பலர் நினைத்தார்கள். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். திறந்தது சில கதவுகள்தான். முன்னால் நின்றவர்கள் நசுங்கினார்கள். மூச்சு விட வழி இல்லை. இறந்தவர்களில் 15 வயதுப் பிள்ளைகளும் உண்டு.

உள்ளே கச்சேரி நடந்தது. வெளியே நடந்த கோரம் பாடியவர்களுக்குத் தெரியாது. பாடி முடித்த பிறகே அவர்களிடம் சொன்னார்கள்.

"ராக் பாட்டு என்றால் பிள்ளைகளுக்கு வெறி" என்று பழி போடுவது எளிது. நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். பின்னால் நிற்பவனுக்கு முன்னால் ஒருவன் மூச்சுத் திணறுவது எப்படித் தெரியும்? அந்தப் 11 பேரைக் கொன்றது பாட்டு அல்ல. சரியான ஏற்பாடு இல்லாத குறைதான்.

நகர சபை விழித்துக் கொண்டது. அதே மாதம் 27-ந்தேதி, எண் இல்லாத இருக்கை முறைக்குத் தடை போட்டது. அந்தத் தடையை 2004-ம் ஆண்டில்தான் நீக்கினார்கள்.

ஆனாலும் எல்லோரும் பாடம் படிக்கவில்லை. 2021-ம் ஆண்டு நவம்பர் 5-ந்தேதி ஹூஸ்டன் நகர இசை விழாவில் நெரிசலில் சிக்கி 10 பேர் பலியானார்கள். அதில் ஒரு சிறுவனுக்கு வயது 9!

கச்சேரி நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இருக்கைக்கு எண் கொடுங்கள். கதவுகளை நேரத்தோடு திறந்து விடுங்கள். எல்லாக் கதவுகளையும் திறந்து விடுங்கள்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை: நண்பர்களோடு போங்கள், மகிழுங்கள். உள்ளே போனதும் வெளியே வரும் வழியைப் பார்த்து வையுங்கள். நெருக்கம் கூடினால் இரு கைகளையும் மடக்கி மார்புக்கு முன்னால் வையுங்கள். மூச்சு விட இடம் கிடைக்கும். கீழே விழுந்தவரை உடனே தூக்கி விடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு வந்துவிடுங்கள்.

முன் வரிசை இன்று போனால் நாளை கிடைக்கும். போன பிள்ளை கிடைக்குமா?