உலகுக்குச் சொன்னதை ஊருக்கும் சொல்க!

2015 திசம்பர்த் தொடக்கத்தில் பாரிசு மாநகரில் உலக நாடுகள் கூடி, ஞாலம் வெப்பமுறுதலைத் தடுக்கவும் தாங்கவும் உடன்படிக்கை வரைந்துகொண்டிருந்தன. அதே நாள்களில் அடையாற்று வெள்ளம் சென்னை மக்களைக் கூரைமேல் ஏற்றியிருந்தது. அங்கு எழுதிய தாள், இங்கு நனைந்த மக்களை எட்டுமா என்பதே வினா.

பாரிசு உடன்படிக்கை புகையைக் குறைப்பதோடு நிற்கவில்லை. மாறிவரும் தட்பவெப்பத்திற்கேற்ப மக்களையும் நிலத்தையும் காக்கும் தகவமைப்புத் திட்டத்தில் ஒவ்வொரு நாடும் ஈடுபட வேண்டும் என்கிறது அதன் 7ஆம் பிரிவு. அப்பணி மக்கள் பங்கேற்போடும் முழு வெளிப்படையாகவும் நடைபெற வேண்டும். அறிவியலோடு, பொருந்துமிடத்து, வழிவழி வந்த அறிவையும் அவ்வவ்விடத்து மக்களின் பட்டறிவையும் துணைக்கொள்ள வேண்டும் என்றும் அப்பிரிவே கூறுகிறது. 2030க்குள் எல்லா நாடுகளும் இத்தகைய திட்டங்களை வகுத்திருக்க வேண்டும் என 2023இல் துபாய் மாநாடு இலக்கு வரைந்தது. 2016 அக்தோபர் 2இல் இவ்வுடன்படிக்கையை உறுதிசெய்த நாடு இந்தியா. ஆகலின், மக்களைக் கேட்டுத் திட்டமிடுதல் தில்லி வழங்கும் கொடையன்று. உலகின்முன் அது ஒப்பிய கடமையாகும்.

கேட்பது எம்மொழியில்? 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டு, எல்லா மக்களிடமும் கருத்துக் கேட்டது நடுவணரசு. அரசியலமைப்பின் எட்டாம் பட்டியலிலுள்ள 22 மொழிகளிலும் அதனை வெளியிடுக என்று தில்லி உயர் முறைமன்றம் ஆணையிட்டது. நடுவணரசோ அவ்வாணையை எதிர்த்து உச்ச முறைமன்றத்திற்குச் சென்றது! தன் மக்களுக்கு அவர்தம் மொழியில் சொல்லாதிருக்க வழக்காடும் அரசு, மக்கள் பங்கேற்புக்கு உலக மன்றில் கையொப்பமிடுவது எங்ஙனம் பொருந்தும்?

இது மொழிப்பற்றால் எழும் வெற்றுக் கூச்சலன்று, உயிர்ச்சிக்கல். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கண்டவர் தொல்காப்பியர். வாடை, கொண்டல், தென்றல், கோடை எனத் திசைதோறும் காற்றுக்குப் பெயரிட்டது தமிழ். தமிழகத்தில் 39,000க்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. ஓர் ஏரி நிறைந்தால் மிகுநீர் கலிங்கு வழியே அடுத்த ஏரிக்குச் செல்லும். மதகு வழியே வயலுக்குப் பாயும். பெருமழையில் வெள்ளந் தாங்கி, வறட்சியில் நீரளிக்கும் இவ்வமைப்பினும் சிறந்த தகவமைப்பு வேறென்ன? கலிங்கு என்னும் சொல்லை அறியாத திட்டம், அதனை அடைத்துக் கட்டடம் எழுப்பவும் தயங்காது.

வேளாண்மையும் நீரும் மாநிலப் பட்டியலின. உலக உடன்படிக்கைகளை நிறைவேற்றச் சட்டமியற்றும் அதிகாரமோ, 253ஆம் பிரிவால் தில்லியின் கையில் உள்ளது. உறுதிமொழி அங்கே, புயலும் வெள்ளமும் இங்கே! 2018இல் கசா புயல் சாய்த்த தென்னைகள் காவிரிப் படுகை உழவனுடையவை அல்லவா?

மாநில அரசுக்கும் இதில் விலக்கில்லை. 2022இல் காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கிய தமிழ்நாட்டரசு, மாவட்டந்தோறும் வகுக்கும் திட்டங்களை முதற்கண் தமிழிலேயே எழுதுக. ஆங்கிலம் பெயர்ப்பாக வரட்டும். மீனவர் வாயிலும் உழவர் வாயிலும் வழங்கும் சொற்களே அதில் இடம்பெறுக. ஊரவையில் படித்துக் காட்டி, ஊரார் திருத்திய பின்னரே அது தில்லிக்குச் செல்க. ஊரார் அறியாத காப்பு, ஊரைக் காவாது. தமிழர் இதனைக் கேட்டுப் பெறுக!