உள்ளான் கறி கேட்பவர்கள்

வேட்டைக்காரனைப் பிடித்து உள்ளே போட்டால் பறவைகள் பிழைத்துவிடும் என்கிறார்கள் யாங்கோனில், அலோன் பக்கத்து நண்பர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

இங்கிருந்து கிழக்கே மொட்டமா வளைகுடா. அதன் சேற்றுவெளிக்குக் குளிர்காலத்தில் கரண்டி அலகு உள்ளான் வரும். ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் முட்டையிடும் பறவை. எடை சுமார் 30 கிராம். உலகில் எஞ்சியிருப்பவை சில நூறுதான். இதைத் தேடி யாரும் வலை கட்டவில்லை. பெரிய கரைப்பறவைகளுக்குக் கட்டிய வலையில் இதுவும் மாட்டியது. கட்டியவர்கள், படகும் மீன்வலையும் வாங்க வழியில்லாத கரையோரத்து ஏழைகள். 2010 வாக்கில் பறவைப் பாதுகாப்பு அமைப்புகள் அவற்றை வாங்கிக் கொடுத்தன. பலர் வேட்டையை விட்டார்கள். 2017இல் வளைகுடா ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

நம் கோடியக்கரை 2002லேயே அப்பட்டியலில் ஏறிவிட்டது. இதே உள்ளானை 1980களில் அங்கே பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். ஆனால் விடுமுறைக்கு ஊர் போகும் நம்மவர் கேட்பது என்ன? "உள்ளான் கிடைக்குமா? மடையானாவது? இளைப்புக்கு நல்லதாமே!" நானும் வெளிநாட்டில் படித்தவன்தான், எங்கள் கூட்டத்தின் நாக்கு எனக்குத் தெரியும். இங்கே பிராய்லர் கோழிக்கே கொழுப்பு பார்க்கிறவர், அங்கே முன்பணம் கொடுத்துச் சொல்லி வைக்கிறார். அந்தப் பணத்துக்காகத்தான் குளக்கரையில் இரவில் வலை ஏறுகிறது. பிடிபட்டால் கோர்ட்டுக்கு அலைபவன் குளக்கரைக்காரன். தின்றவர் அதற்குள் விமானம் ஏறியிருப்பார்.